இயற்பியல் மாணவருக்குக் கிரெடிட் கணக்கை யார் சொல்லித் தருவது?

இளநிலை இயற்பியலில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கட்டணம், அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறோம். பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவுக்கேற்பக் கிடைக்கும் அலகு) வேண்டும், அது எந்தெந்தப் பாடங்களில் எப்படிப் பிரிந்து கிடக்கிறது, எதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் எது கைகூடும் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. கேட்டால், "எல்லாப் பேப்பரையும் பாஸ் பண்ணு, கிரெடிட் தானா வந்துடும்" என்பார்கள். கூட்டுத்தொகைக்கு அது சரி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழக்கமாக உள்ள 140 கிரெடிட் அப்படித்தான் சேர்ந்துவிடும். ஆனால் முதுகலைச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் கூட்டுத்தொகையோடு, அது எந்தப் பாடங்களால் ஆனது என்பதையும் பார்க்கிறார்கள்.

அலைடு கணிதத்தை, அதாவது இயற்பியலோடு துணைப்பாடமாக வரும் கணிதத்தை, எடுத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர் பலருக்கு அது வேண்டாத சுமையாகத்தான் தெரிகிறது. அதற்குப் பதிலாகக் கணினிப் பாடம் எடுக்க வாய்ப்பிருந்தால் மகிழ்ச்சியோடு மாறிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் கைவராமல் மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயங்கியலைத் தொட முடியாது என்பது ஒன்று. ஜாம் என்னும் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர நினைப்பவர்களிடம், இளநிலையில் குறைந்தது இரண்டு பருவமாவது கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு என்பது மற்றொன்று. இதை மூன்றாம் ஆண்டில் விண்ணப்பம் நிரப்பும்போது தெரிந்துகொண்டு என்ன பயன்? பட்டத்தின் பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. இயற்பியலோடு இன்னொரு துறையின் பெயரையும் சேர்த்து வழங்கப்படும் பட்டங்களுக்கு, அரசுப் பணிக்குப் போகும்போது, அது இயற்பியல் பட்டத்துக்கு ஈடானது என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சேரும் நாளிலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, ஐஐடிகள் முதலிய நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் பற்றிய விவகாரம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ஒரு கல்லூரியில் ஐந்தாம் பருவத்தில் படித்துக்கொண்டே, விருப்பப்பாடத்துக்கு ஈடாகும் என்று நம்பி 12 வாரப் பாடம் ஒன்றில் பதிவுசெய்தார். பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று கிரெடிட். வாரந்தோறும் ஒப்படைப்புகளைக் கைப்பேசியிலேயே முடித்தார். ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணத்தை வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டி, வேறு ஊருக்குப் பேருந்தேறிப் போய்த் தேர்வெழுதினார். ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்கில் நல்ல மதிப்பெண்ணே வந்தது. சான்றிதழோடு போனபோது, அந்தப் பாடம் பருவத் தொடக்கத்தில் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதிப்படி அவர்கள் சொன்னதில் தவறில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெற இடம் தருகிறது; ஆனால் அந்தப் பாடத்தைக் கல்லூரி முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். பதிவுசெய்வதற்கு முன் துறையில் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், அதே உழைப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறியிருக்கும்.

இதற்கெல்லாம் வகுப்புப் பொறுப்பாசிரியரான டியூட்டர் இருக்கிறாரே என்று சொல்வார்கள். இருக்கிறார், வருகைக் குறைவுக்குப் பெற்றோரை அழைப்பது, உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுவது, அரியர் பட்டியலைப் படித்துக் காட்டுவது என்று அவருடைய நேரம் முழுவதும் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். மாணவரோடு உட்கார்ந்து பாடத்தேர்வு பற்றிப் பேசும் நேரம் அந்த 16 மணி நேரக் கணக்கில் வருவதில்லை. ஆகவே அது நல்ல மனம் படைத்த சிலரின் சொந்த முயற்சியாக நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்த வகுப்பு பிழைத்துக்கொள்கிறது, மற்றவை தடுமாறுகின்றன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளும் கிடையாது.

கோடை ஆய்வுப் பயிற்சியிலும் இப்படித்தான். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டத்தில் இடம் பிடித்து இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு வரும் மாணவரின் அறிக்கையை, ஆறாம் பருவத் திட்டப்பணியாக ஏற்கலாமா என்று கல்லூரியில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. ஒவ்வோர் இயற்பியல் துறையிலும் இருவருக்கு வாரம் இரண்டு மணி நேரத்தைக் கற்பித்தல் நேரமாகவே கணக்கிட்டு, மாணவர் ஆலோசனைக்கென்று கால அட்டவணையில் போட வேண்டும். விருப்பப்பாடப் படிவம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, அந்தப் பருவத்துக்கு ஏற்கப்பட்ட என்பிடெல் பாடங்களின் பட்டியலைத் துறைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் இதுவரை ஈட்டிய கிரெடிட், மீதமுள்ளவை, அடுத்துப் போக விரும்பும் படிப்பு அல்லது வேலை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஆலோசகர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அந்தப் படிவத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வரும் ஜூனில் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குப் போகும் நண்பர்கள் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.