பொங்கல் விருந்தில் பொங்கல் எங்கே என்று கேட்டது குற்றமா?

நேற்று ராத்திரி மறுபடியும் அழித்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மூன்றாவது தடவை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் என் செய்தி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: நிர்வாகி நீக்கிவிட்டாராம். 2022இல் இந்த வசதியை எதற்குத்தான் கொடுத்தார்களோ! அதற்கு முன்னால் ஒருவர் வாயை அடைக்க வேண்டுமென்றால் ஆளையே வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யக் கொஞ்சமாவது கூச்சப்பட்டார்கள்.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? சிங்கப்பூரில் எங்கள் பேட்டைத் தமிழர் குழுவில் பொங்கல் விருந்து வைத்தார்கள். தலைக்கு 15 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்; கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் ஒரு மாதம் முன்னாலேயே கட்டியாயிற்று. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, தேக்கா சந்தையிலிருந்து கரும்பு வாங்கி வந்து தூணில் கட்டி, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் ஒன்றேகால் மணிக்கு வரிசையில் நின்ற எங்களுக்குக் கிடைத்தது சாதம், ரசம், ஆளுக்குப் பாதி அப்பளம். என் மகள் பேப்பர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலுக்காக நின்றாள். பரிமாறிய அக்கா பாவம், அண்டாவைச் சாய்த்துச் சுரண்டி அடிப்பிடித்ததில் ஒரு கரண்டி வைத்தார்.

அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன்: "ஏற்பாடெல்லாம் அருமை. கடைசியில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியிருந்தோம், வரவு செலவு எவ்வளவு என்று பகிர முடியுமா?" இதில் எந்தச் சொல் சுடுகிறது, சொல்லுங்கள்.

பத்து நிமிஷத்தில் காணோம். அப்புறம் பொதுவாக ஒரு அறிவுரை வந்தது. நேர்மறையான செய்திகளை மட்டும் பகிர வேண்டுமாம், தொண்டூழியர்கள் மனம் புண்படக் கூடாதாம். கூடவே கும்பிடும் பொம்மை மூன்று. எது நேர்மறை? காலை ஆறு மணிக்கு வரும் ரோஜாப்பூ வணக்கமா? எலுமிச்சை பிழிந்த வெந்நீர் குடித்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்ற புளுகு எங்கள் குழுவில் எத்தனை தடவை வந்திருக்கிறது! அதை ஒரு தடவையாவது தொட்டார்களா?

தொண்டூழியம் எனக்கும் தெரியும். சமூக மன்றத்தில் நாலு வருஷம் வாசிப்பு வட்டம் நடத்தியவன் நான். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நசுங்கி வந்து நாற்காலி அடுக்கினால், "டீ ஆறிப்போச்சே" என்பார் ஒருவர். வயிறு எரியும். ஒரு அண்ணன் மேல் ஒருநாள் அப்படி எரிந்து விழுந்தேன். அவர் அதற்கப்புறம் வரவே இல்லை. டீ ஆறித்தான் போயிருந்தது, அது வேறு விஷயம். அதனால் அவர்களுக்குக் கோபம் வந்ததை நான் குறை சொல்லவில்லை. கோபம் வந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கணக்கைப் போடுங்களேன். நீங்கள் சம்பளம் வாங்கவில்லை என்பதால் நாங்கள் கட்டிய 15 வெள்ளி காசில்லை என்று ஆகிவிடுமா?

எதை எழுதக் கூடாது என்று ஒரு விதியாவது இருக்கிறதா? ஹோங் லிம் பூங்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்கள் பேச இடம் விட்டிருக்கிறார்கள். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு, இனம், சமயம் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் அது வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரியும். எங்கள் குழுவில் நிர்வாகி அன்றைக்கு எந்த மனநிலையில் எழுந்தாரோ அதுதான் சட்டம்.

இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? தனியாக வரும் ஆறுதல். "தம்பி, நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா குரூப்புல வேணாமே." இப்படி மூன்று பேர். மூவரும் நிர்வாகியின் அறிவுரைக்குக் கைதட்டல் பொம்மை போட்டவர்கள்.

இன்று காலை பார்த்தால் குழுவையே பூட்டிவிட்டார்கள். இனி நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும். அவர்கள் நாலு பேர், வேடிக்கை பார்க்க நாங்கள் இருநூறு பேருக்கு மேல். பூட்டிய கையோடு முதல் அறிவிப்பும் வந்துவிட்டது: ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டு விருந்து, தலைக்கு 18 வெள்ளி, பேநவ் எண் கீழே. கடைசி வரி, "உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்."

எங்கேய்யா எழுதுவது?