எட்மண்டுக்குத் தெரிய வேண்டாமா?

சி.எஸ். லூயிஸ் பிள்ளைகளுக்காக எழுதிய, நார்னியா என்னும் கற்பனை உலகின் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் சபைகளில் இரண்டு குரல்கள் எழும். "சூனியக்காரி வருகிற புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்பது ஒன்று. "அந்தச் சிங்கம்தான் இயேசு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது. அதைப் படித்துவிட்டு அந்தச் சூனியக்காரியைப் போல ஆகவேண்டும் என்று எந்தப் பிள்ளையும் ஆசைப்படாது. இரண்டாவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

1950 முதல் 1956 வரை வெளிவந்த இந்த ஏழு புத்தகங்களும் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டவை அல்ல. பனிக்காட்டில் குடை பிடித்துப் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் பதினாறு வயதிலிருந்தே தன் மனதில் இருந்ததாகவும், கதை அங்கிருந்துதான் கிளம்பியதாகவும் சி.எஸ். லூயிஸே எழுதியிருக்கிறார். இப்படி ஓர் உலகம் இருந்து, தேவகுமாரன் அங்கேயும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

முதல் புத்தகத்தில் நார்னியாவுக்குள் போகும் நான்கு உடன்பிறந்தவர்களில் ஒருவனான எட்மண்டைப் பாருங்கள். இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்தவன். துரோகியின் உயிர் சூனியக்காரிக்குச் சொந்தம் என்பது அந்த உலகின் ஆதிச் சட்டம். சிங்கமான அஸ்லான் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிடவில்லை; அவனுக்குப் பதிலாகத் தானே கல்மேசையில் படுக்கிறார். பிடரி மயிரை மழித்து, கேலி செய்து, கொல்கிறார்கள். விடியும்போது அவரை உயிரோடு முதலில் பார்ப்பவர்கள் இரண்டு சிறுமிகள், எட்மண்டின் சகோதரிகளான சூசனும் லூசியும். அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முந்தைய ஓர் இடம். மீட்கப்பட்டு வந்த எட்மண்டிடம் அஸ்லான் தனியே பேசுகிறார். என்ன பேசினார் என்று கதை சொல்வதில்லை. பிறகு மற்றவர்களிடம், நடந்ததைப் பற்றி இவனிடம் பேசத் தேவையில்லை என்கிறார். நாமோ மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் குத்திக்காட்டுகிறோம்!

1952இல் வந்த கதையில் யூஸ்டஸ் என்ற சிறுவன் டிராகனாக மாறிவிடுகிறான். தன் தோலைத் தானே உரிக்கிறான். உரிக்க உரிக்க அடியில் மீண்டும் செதில்கள். கடைசியில் அஸ்லானின் நகம் இதயம்வரை இறங்குவதுபோல் கிழிக்கிறது. தண்ணீரில் எறியப்பட்டு மறுபடியும் பையனாகிறான். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு, அந்த ஈவு வலிக்கவும் செய்யும் என்று நாம் எப்போது சொல்லியிருக்கிறோம்?

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் புத்தகத்தில் சூனியக்காரியோடு நடக்கும் போருக்குப் பிறகு, அஸ்லான் தனக்காகச் செய்தது எட்மண்டுக்குத் தெரியுமா என்று லூசி கேட்பாள். தெரிந்தால் தாங்கமாட்டான் என்பாள் சூசன். தெரியத்தான் வேண்டும் என்பாள் லூசி. பேச்சு அங்கேயே அறுந்துவிடும். அந்தப் பக்கத்தை வாசித்துக்காட்டுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லாமல் பிள்ளைகளையே வாதாட விடுங்கள். நான் லூசியின் பக்கம். தனக்காக யார் செத்தார் என்றே தெரியாதவன் எப்படி நன்றி சொல்வான்? ஆனால் சூசனுக்காகப் பேசும் பிள்ளை வகுப்பில் இருந்தால், அதையும் கடைசிவரை கேளுங்கள்.