குனிந்து பார்க்காமல் போடும் கையெழுத்து

மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம். வண்டி நிற்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை என்று ஜனங்கள் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரம் ஏறி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்று ஆய்வாளர் கையெழுத்திட்ட சான்று, இருந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகளும் வந்தன. விதி வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் பேருந்தின் தளத்தில் ஓட்டையைத் தேட விதி எதற்கு? கண் போதும், குனிய மனசு போதும்.

எஃப்.சி.க்கு முந்தின வாரம் சில பட்டறைகளில் நடப்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி வைத்து பெயிண்ட் அடிப்பார்கள். மொட்டை டயரைக் கழற்றிவிட்டு, பட்டன் உள்ள டயரை ஒரு நாள் வாடகைக்கு மாட்டுவார்கள். தீயணைப்பான் பக்கத்து வண்டியிலிருந்து இரவலாக வரும். அறுத்துவிட்டிருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒயர் அன்றைக்கு மட்டும் சேரும். மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "ஓனர் சொன்னார், செஞ்சேன்" என்பது மெக்கானிக்கின் பதில். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓனருக்கு நட்டும் போல்ட்டும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்துக்குத்தான் கூலி.

நல்ல பாகத்தை மாற்றிவிட்டு பில் போடுவதைத்தான் நாம் ஏமாற்று என்கிறோம். அதில் போவது பணம். கெட்ட பாகத்தை "இப்போதைக்கு ஓடும்" என்று விட்டுவிடுவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, வாடிக்கையாளருக்குச் செலவு மிச்சம் பிடித்துக் கொடுத்த நல்ல மனசாகவே அது தெரிகிறது. உயிர் போவது இதில்தான்.

பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, டப்பாவில் அளவு குறைந்தால் மேலே ஊற்றுவதோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி ஆயில் மாற்றாத ஒரு வேன் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறது. சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனர் சூடேறி, அந்த லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டர் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

விபத்துக்குப் பிறகு நடப்பதுதான் இன்னும் கொடுமை. வண்டி ஆறிவிடும், ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். ஆய்வாளர் அறிக்கையில் "இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை" என்று வழக்கமான வரி விழும். பழி முழுக்க டிரைவர் தலையில். டிரைவர் கியரைக் குறைத்து இறங்கியிருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆயிலில் எவ்வளவு தண்ணீர் என்று சோதிக்கும் பேனா அளவுக் கருவி ஒன்று இருக்கிறது, பெரிய விலையும் இல்லை. எத்தனை பட்டறையில் அது இருக்கிறது?

பார்க்க வேண்டும் என்று நினைக்கும் ஆய்வாளருக்குப் பெரிய கருவிகூட வேண்டாம். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், பேரிங் இவற்றின் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், மெல்ல இறங்கினால், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. புது பெயிண்ட் வாசம் அடிக்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். இரும்பு என்றால் தாங்கும், பட்டி என்றால் உதிரும். அவசர வழிக் கதவை நீங்களே திறந்து பாருங்கள், டிரைவரைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

ஒரே காலையில் வரிசையாக நிற்கும் வண்டிகளை ஓரிருவர் பார்த்து முடிக்க வேண்டியிருக்கிறது என்பது நியாயமான குறை. அதை அரசுதான் சரிசெய்ய வேண்டும். தானியங்கிச் சோதனை நிலையங்களும் வரட்டும். ரோலர் கருவி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாகக் காட்டிவிடும், லஞ்சம் கேட்காது. ஆனால் வாடகை டயரும் அதில் பாஸ் ஆகிவிடும்.

அதனால் பட்டறைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். லைனர் இத்தனை மில்லிமீட்டர் மிச்சம், பிரேக் ஆயில் போகும் ஹோஸில் வெடிப்பு, ஆயில் மாற்றவில்லை என்று பார்த்ததையெல்லாம் பில்லில் எழுதுங்கள். ஓனர் வேண்டாம் என்று சொன்ன வேலையையும் "சொன்னோம், மறுத்தார்" என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பள்ளி நிர்வாகங்கள் மே மாத ஆய்வுக்கு வண்டியை அனுப்பும் முன், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலேயே அடித்தளத்தைப் படம் எடுத்துப் பெற்றோருக்குக் காட்டட்டும்.