நார்மலா பொறந்திருப்பியாடா?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிடுச்சு, தெருவே மொட்டை மாடியில ஏறி உக்காந்துடுச்சு. நானும் அக்காவும் சின்டெக்ஸ் டேங்க் பக்கத்துல. கீழ எங்க வட சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கு, ரெண்டு பக்கமும் வண்டிங்க ஹார்ன் அடிச்சிக்கினே இருக்கு, கூட்ஸ் வண்டி அது பாட்டுக்கு போவுது. நான் வேகன் எண்ணிக்கிட்டு இருந்தேன். நாப்பத்தி ஒண்ணு வரும்போது அக்கா கேக்குது, "டேய், உனக்கு சாய்ஸ் குடுத்திருந்தா நார்மலா பொறந்திருப்பியாடா?"

"இரு, வண்டி போயிடட்டும்"னேன். மொத்தம் 58. அப்புறம் யோசிச்சு "தெரியல"ன்னேன். அக்கா ஒண்ணும் பேசாம பாயை சுருட்டிக்கிட்டு கீழ போயிடுச்சு. அது என்னைப் பத்தி கேக்கவே இல்ல, அதோட புள்ளையப் பத்தி கேட்டுச்சுன்னு எனக்கு புரியறதுக்கு மூணு நாள் ஆச்சு.

அதான் இந்த பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். எனக்கு ஆட்டிசம். தெரிஞ்சது 2021ல, 33 வயசுல. அதுவரைக்கும் ஏரியாவுல எனக்கு பேரு லூசு, மரியாதையா சொல்றவங்க "அந்த பேசாத பையன்"னு சொல்வாங்க. அக்கா பையன் மூணு வயசாகியும் பேசலன்னு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். அங்க ஒரு ஃபார்ம் வெச்சு கேள்வி கேட்டாங்க, இந்தியாவுக்குன்னே போட்ட அளவுகோலாம், 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க், 70 வந்துட்டா ஆட்டிசம். கண்ணைப் பாத்து பேசறானா, எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் ஒத்துக்கறானா, தனியாவே விளையாடறானா, இப்படி போவுது. அக்கா பதில் சொல்லச் சொல்ல நான் ஓரத்துல உக்காந்து எனக்கும் மார்க் போட்டுக்கிட்டே வந்தேன். பையனை விட எனக்கு ஜாஸ்தி. அப்புறம் தனியா டாக்டரைப் பாத்து ரெண்டு மாசம் அலைஞ்சு எழுத்துல வாங்கினேன். ரெட்டைப் புள்ளைங்கள வெச்சு பண்ண ஆராய்ச்சியில இதுல பரம்பரையோட பங்கு 80 சதவீதம் கிட்ட வருதுன்னு சொல்றாங்க, "அப்டியே தாய்மாமனை உரிச்சு வெச்சிருக்கான்"னு எங்க ஆயா அவன் பொறந்த அன்னிக்கே சொல்லிடுச்சு.

அரசாங்கத் தமிழ்ல இதுக்கு பேரு மதி இறுக்கம். பேரு வெச்சவரு கையில கெடைச்சா ஒரு டீ வாங்கி குடுத்து கேப்பேன், எங்க சார் இறுகியிருக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நிக்காம ஓடறதுதானே சார் பேஜாரு.

சரி கேள்விக்கு வர்றேன். அக்காவுக்கு முன்னாடியும் இத நெறைய பேரு கேட்டிருக்காங்க. கேக்கும்போதே அவங்களுக்கு எந்த பதில் வேணும்னு மூஞ்சியில எழுதி இருக்கும், மூஞ்சி படிக்க வராத எனக்கே தெரியும்னா பாத்துக்கங்க. ஆமான்னு சொன்னா ஐயோ பாவம். இல்லன்னு சொன்னா "சூப்பர் தல, நீங்க எல்லாம் ஸ்பெஷல்"னு முதுகுல தட்டுவாங்க. எனக்கு முதுகுல தட்டினா ஒரு மணி நேரம் அந்த இடம் எரியும், அதையும் சேத்து கேளுங்கப்பா.

நார்மலா பொறந்த நான் எப்படி இருப்பேன்னு நெனச்சுப் பாக்க உக்காந்தா எனக்கு யாரோ ஒரு பையன்தான் வர்றான். நல்ல பையன்தான், கல்யாணத்துல முன்னாடி நின்னு பந்தி கவனிப்பான், பைக்ல மூணு பேரா போவான். எனக்கு அவனைத் தெரியாது. 1993ல டொரண்டோவுல ஒரு மாநாட்டுல ஜிம் சின்க்ளேர்னு ஒருத்தர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், பெத்தவங்களுக்கு முன்னாடி நின்னு இதத்தான் சொன்னாரு, என் புள்ளைக்கு ஆட்டிசம் இல்லாம இருந்திருக்கலாம்னு நீங்க சொல்லும்போது, இந்த புள்ள வேணாம் வேற புள்ள வேணும்னு சொல்ற மாதிரிதான் எங்க காதுல விழுதுன்னு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு எங்க அம்மா ஞாபகம்.

எங்க அம்மாவுக்கு ஆட்டிசம்ங்கிற வார்த்தையே தெரியாது. வாசல்லயே இட்லி கடை. வர்றவங்களுக்கெல்லாம் இட்லி மேல சாம்பாரை ஊத்தி குடுக்கும், எனக்கு மட்டும் இட்லி தனி தட்டு, சாம்பார் தனி கிண்ணம், பக்கத்துல பக்கத்துல கூட வெக்காது. தீபாவளிக்கு புது சட்டை எடுத்தா மொத வேலையா பிளேடை வெச்சு கழுத்துக்கு பின்னாடி இருக்கிற லேபிளை நூல் நூலா பிரிக்கும், ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் எனக்கு முள்ளு மாதிரி குத்தும், அது கைய வெச்சு தடவித் தடவிப் பாத்து எடுக்கும், அப்புறம் ரெண்டு வாட்டி அலசி போடும். அதனால தீபாவளி அன்னிக்கு என் புது சட்டை மட்டும் எப்பவும் பழசு மாதிரி இருக்கும், நைனா அதுக்கு திட்டும். கேட்ல ரயில் ஹார்ன் அடிக்கறதுக்குள்ள அம்மாவோட மாவு கை ரெண்டும் என் காதுல இருக்கும். எப்படித்தான் தெரியுமோ.

இப்படி பாத்துக்கிட்ட அம்மாவைத்தான் சொந்தக்காரங்க "கடை கடைன்னு கெடந்தா, புள்ளைய கவனிக்கல, அதான் இப்படி ஆயிட்டான்"னு சொன்னாங்க. இது நம்ம ஊரு வாய்னு நெனச்சிருந்தேன். அமெரிக்காவுலயும் இதே கதைதானாம். 1943ல லியோ கேனர்னு ஒரு மனநல டாக்டர் 11 புள்ளைங்களை வெச்சு ஆட்டிசம் பத்தி மொத மொத எழுதினப்பவே இவங்க அப்பா அம்மாங்க பாசமில்லாதவங்களா இருக்காங்கன்னு ஒரு வரி வருது, அதப் புடிச்சுக்கிட்டு அடுத்த இருபது வருஷம் படிச்ச டாக்டருங்களே "ஃப்ரிட்ஜ் அம்மா"ன்னு பேரு வெச்சு தாய்மாருங்களை கூண்டுல நிக்க வெச்சாங்க. பெர்னார்ட் ரிம்லேண்ட்னு ஒருத்தர், அவரு பையனுக்கும் ஆட்டிசம், 1964ல புக்கு எழுதி இது மூளை சம்பந்தப்பட்டது, அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு வாதாட வேண்டியிருந்துச்சு. எங்க பெரிய அத்தைக்கு அந்த புக்கு இன்னும் வந்து சேரல.

வேலை பத்தியும் சொல்லணும். மண்ணடி பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன், ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி போடற வேலை, அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற பேப்பருங்க. ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு நம்பர் கோடு இருக்கும், எறா ஃப்ரீஸ் பண்ணி அனுப்பினா 0306ல ஆரம்பிக்கும், செருப்புன்னா 64ல, அது எல்லாம் எனக்கு மனப்பாடம். இத சொன்ன உடனே "பாத்தியா, ஜீனியஸ்"னு ஆரம்பிச்சிடாதீங்க, பத்து வருஷம் ஒரே புக்கை புரட்டினா உங்களுக்கும் வரும், என்ன, உங்களுக்கு போரடிக்கும், எனக்கு அடிக்காது, அவ்ளோதான். இந்த கோடு முறை உலகத்துல நடைமுறைக்கு வந்தது 1988 ஜனவரி 1, நான் பொறந்ததும் அதே வருஷம். அதுல 77ஆவது சாப்டர் காலி. பின்னாடி எதுக்காவது தேவைப்படலாம்னு விட்டு வெச்சிருக்காங்க. ஆபீஸ்ல என்னை அந்த சாப்டர்லதான் போடணும்னு ஒரு ஜோக் ஓடும். எனக்கு அந்த ஜோக் பிடிக்கும்.

இதுவரைக்கும் படிச்சா, அப்ப இவன் மாத்திக்க மாட்டான்னு தோணும். இப்ப மத்தது.

அம்மா செத்தது 2022 ஐப்பசியில. மழை. ஹால்ல ஐஸ் பாக்ஸ், அதுல மோட்டர் ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். ஊதுபத்தி, ரோஜா மாலை, ஈரத் துணி வாசனை. நம்ம பக்கம் சாவு எப்படி எடுப்பாங்கன்னு உங்களுக்கு தெரியும், வாசல்ல மேளம், கானா, பூ வாரி இறைக்கறது, தெரு முக்குக்கு முக்கு வெடி. வர்றவங்க எல்லாம் என்னை கட்டிப்புடிச்சு அழறாங்க, ஒவ்வொருத்தர் கையும் உடம்புல படும்போது எனக்கு தோலை உரிக்கிற மாதிரி இருக்கு, நான் மரம் மாதிரி நிக்கிறேன், கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல. "பெத்தவ போயிட்டா, கல்லு மாதிரி நிக்குது பாரு"ன்னு ஒரு குரல், எனக்கு கேட்டுச்சு. எனக்கு எல்லாமே கேக்கும், அதான் பிரச்சனையே.

ஊர்வலம் கிளம்பி கொஞ்ச தூரத்துல காலடியில ஒரு சரவெடிய கொளுத்திட்டாங்க. நான் ஓடிட்டேன். கொள்ளிச்சட்டிய சித்தப்பா கையில திணிச்சிட்டு ஒரு சந்துக்குள்ள போய் யார் வீட்டு மாடிப்படிக்கு கீழயோ காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். எங்க அம்மாவோட கடைசி தெருவுல பத்து நிமிஷம் நான் பக்கத்துல இல்ல.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு போய் சேந்த அப்புறம் சரியாயிட்டேன். அங்க வெட்டியான் அண்ணன் ஒவ்வொண்ணா சொன்னாரு, குடத்தை தோள்ல வை, இப்படி சுத்து, நில்லு, ஒரு ஓட்டை, திரும்ப சுத்து, ரெண்டு, திரும்ப சுத்து, மூணு, பின்னாடி பாக்காம போடு. அன்னிக்கு பூரா எனக்கு புரியற மாதிரி பேசின ஒரே ஆளு அவருதான். அழுகை வந்தது பதினோரு நாள் கழிச்சு, கடையில இட்லி துணிய மடிக்கும்போது. அப்ப பாக்க யாரும் இல்ல.

டேமியன் மில்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவருக்கும் ஆட்டிசம், 2012ல ஒண்ணு எழுதினாரு, உங்களுக்கு எங்களைப் புரியல, எங்களுக்கு உங்களைப் புரியல, புரியாதது ரெண்டு பக்கமும்தான், ஆனா கோளாறுன்னு எழுதறது எங்க பக்கம் மட்டும்னு. கரெக்ட்தான். ஆனா அந்த சந்துல உக்காந்திருக்கும்போது இது எதுவும் எனக்கு உதவல. அன்னிக்கு ராத்திரி அக்கா கிட்ட நானே சொன்னேன், "நார்மலா இருந்திருக்கலாம்க்கா, எல்லாத்தையும் குடுத்துடறேன், அந்த பத்து நிமிஷத்தை மட்டும் குடுத்தா போதும்"னு. அக்கா அத மறக்கல போல. மாடியில கேட்ட கேள்விக்கு வேர் அங்கதான் இருக்கு.

இன்னொன்னு. தெருக் கோடியில ஒரு ஆன்ட்டி இருக்காங்க, அவங்க பொண்ணுக்கும் ஆட்டிசம், இப்ப 18. பேச்சு இல்ல, தூக்கம் இல்ல, கோவம் வந்தா சொவுத்துல தலைய மோதிக்கும், நெத்தியில காய்ப்பு இருக்கு. என்னோட ஸ்டேட்டஸ் ஒண்ணுல நான் பெருசா "எனக்கு ஆட்டிசம் பெருமை"ன்னு போட்டிருந்தேன், அத பாத்துட்டு ஆன்ட்டி கேட்டாங்க, "தம்பி நீ பேசற, போடற. அவகிட்ட யாருப்பா கேட்டா?" கோவமா எல்லாம் கேக்கல, சாதாரணமா கேட்டாங்க. எனக்கு பதில் இல்ல, இப்பவும் இல்ல. அவளுக்காக "வேணாம், இப்படியே இருக்கட்டும்"னு சொல்ல எனக்கு உரிமை கெடையாது. "மாத்தணும்"னு சொல்லவும் இல்ல. எனக்கு ஃபார்ம் எழுதத்தான் வரும். ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கறவங்களுக்காக போட்ட 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல 18 தாண்டினவங்களுக்கு சட்டப்படி கார்டியன் போட கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அதுக்கு ஃபார்ம் எழுதி குடுத்தேன், அதே டிரஸ்ட்டோட நிராமயா மருத்துவ இன்ஷூரன்சும் போட்டோம், ஒரு லட்சம் வரைக்கும் வரும். ஆன்ட்டிக்கு நார்மல், நார்மல் இல்ல இந்த பட்டிமன்றம் எல்லாம் வேணாம், தனக்கு அப்புறம் யார்ன்னு தெரியணும், ராத்திரி நாலு மணி நேரம் சேந்தாப்புல தூங்கணும்.

சட்டம்னு சொன்னதும் ஞாபகம் வருது, 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசம் பட்டியல்லயே இல்ல, 2016ல வந்த புது சட்டத்துலதான் 21 வகையில ஒண்ணா சேத்தாங்க. நான் ஸ்கூல் படிச்சப்போ எல்லாம் நான் வெறும் திமிர் புடிச்ச பையன். வாத்தியார் கண்ணைப் பாக்கலன்னு வாங்கின அடிக்கு கணக்கே இல்ல.

அக்கா கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா, எந்த நாள்ல கேக்கறன்னு சொல்லுக்கா, அப்பதான் சொல்ல முடியும். என்னைக் கேட்டா எனக்கு மாத்தணும்னு ஆசை இருக்கு, சின்ன சின்னதா. அந்த சரவெடிய எங்க அம்மா போன அன்னிக்கு கொளுத்தாம இருந்திருக்கலாம். வாத்தியார் கைய நீட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டை கம்பெனிக்காரன் லேபிளை துணியிலயே அச்சடிக்கலாம், சில பேரு இப்ப பண்றாங்க, நல்லா இருக்கட்டும். காது மட்டும் கொஞ்சம் கம்மியா கேட்டா நான் உடனே கையெழுத்து போட்டு வாங்கிப்பேன், வாலண்டியரா. அதுக்கு மேல என் மண்டையில கை வெக்கறதா இருந்தா அந்த மாவு கை ஞாபகம் எங்க இருக்குன்னு மொதல்ல காட்டுங்க, அதத் தொடாம எடுங்க.

இத எல்லாம் அக்கா கிட்ட வாயால சொல்ல வரல. அதுக்கு பதிலா போன ஞாயித்துக்கிழமை "நீயும் வா"ன்னு கூட்டிட்டு போனேன். ஞாயித்துக்கிழமைன்னா நானும் சின்னவனும் கொருக்குப்பேட்டையில ஏறி கும்மிடிப்பூண்டி வரைக்கும் போயிட்டு அதே வண்டியில திரும்பி வருவோம், கீழ எறங்கி சுத்தறது எல்லாம் இல்ல, போறது, வர்றது. ஏழு வயசு, பேச்சு இப்ப வருது, ஆனா அவனுக்கு புடிச்சத பத்தி மட்டும். ஜன்னல் கம்பியில கன்னத்தை வெச்சுக்கிட்டு இருந்தான், வண்டி ஆடற ஆட்டத்துக்கு அவனும் ஆடறான், நானும் ஆடறேன். அக்கா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாக்குது. தண்டையார்பேட்டை தாண்டினதும் அவன் கிட்ட குனிஞ்சு, "கண்ணு, நீ பெருசானா மாமா மாதிரி இருப்பியா, அப்பா மாதிரி இருப்பியா?"ன்னு கேட்டுச்சு.

அவன் வெளிய பாத்துக்கிட்டே அடுத்த ஸ்டேஷன் பேரைச் சொன்னான், "வ.உ.சி. நகர்".

அக்கா சிரிச்சிடுச்சு. ரொம்ப நாள் கழிச்சு அப்படி சத்தமா. எங்க ரெண்டு பேருக்கும் அந்த சத்தம் தாங்கல, ஒரே நேரத்துல காதைப் பொத்திக்கிட்டோம், அதுக்கு இன்னும் சிரிச்சுது. திருவொற்றியூர்ல வேர்க்கடலைக்காரர் ஏறினாரு. மூணு பொட்டலம் வாங்கினோம், அவனோடத அக்கா உள்ளங்கையில கொட்டி தோலை ஊதி ஊதி எடுத்துட்டு குடுத்துச்சு, தோல் ஒண்ணு இருந்தாலும் சாப்பிட மாட்டான்.