"உனக்கு ஓட்டே இல்ல"ன்னு சொன்னீங்களே, அதப் பத்திதான்

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன். நேத்து நைட் அந்த வீடியோ இன்னொரு குரூப்லயும் வந்துச்சு, கீழ வரிசையா சிரிக்கிற எமோஜி. இதுக்கு மேல என்னால பேசாம இருக்க முடியல.

எந்த வீடியோன்னு நான் சொல்லவே வேணாம். சென்னைல எங்க பகுதி சபா கூட்டத்துல, அதாவது வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதி மக்களையும் கூப்பிட்டுக் குறை கேக்கற மாநகராட்சிக் கூட்டத்துல, அந்த ப்ளஸ் டூ புள்ள எழுந்து நின்னது, நோட்டைப் பிரிச்சது, "பாப்பா, உனக்கு ஓட்டே இல்ல, போய் படி, பெரியவங்க பேசிக்கிறோம்"னு முன்வரிசைலேர்ந்து ஒருத்தர் சொன்னது, எல்லாரும் சிரிச்சது. வீடியோ அதோட முடிஞ்சிடுது. நான் மூணாவது வரிசைல இருந்தேன், மிச்சத்தை நான் சொல்றேன். அந்தப் புள்ள உடனே உக்காரல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. அப்புறம் நோட்டை மூடி பையில வச்சிட்டு வெளிய போயிட்டா. நோட்டுல என்னம்மா இருக்குன்னு அங்க ஒருத்தரும் கேக்கல. நான் பின்னாடியே போய் கேட்டேன். ஸ்கூல்லேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எரியாத லைட் 14, ஒவ்வொண்ணுக்கும் கம்பத்து நம்பர், எந்தத் தேதிலேர்ந்து எரியலன்னு பக்கத்துலயே குறிப்பு, மழைநீர் வடிகால் மூடி இல்லாத இடம் மூணு, எந்தக் கடைக்கு எதிர்லன்னு அடையாளம். நாலு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு மூணு வாரமா டியூஷன் முடிச்சு வர்றப்ப எழுதினதாம். அன்னிக்குப் பேசின பெரியவங்க யார் கையிலயும் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

அதனாலதான் சொல்றேன், திரும்பவும் சொல்லுவேன். வார்டு வார்டுக்கு ஒரு இளைஞர் ஆலோசனைக் குழு வேணும். 15 வயசுலேர்ந்து 25 வரைக்கும் உள்ள புள்ளைங்க. அவங்க கைல காசு குடுக்கச் சொல்லல, தீர்மானத்துக்கு ஓட்டு போடற உரிமையும் கேக்கல. பார்க், கிரவுண்டு, லைட், ரோடு, டாய்லெட்னு எதைத் தொட்டாலும் முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், அவங்க எழுதிக் குடுத்தா முடியும் முடியாதுன்னு எழுத்துல பதில் குடுக்கணும். எழுத்துல. இந்த ஒண்ணுதான் எனக்கு முக்கியம்.

"உனக்கு ஓட்டே இல்ல"ன்னு சொன்னவர் சட்டப்படி சரியாத்தான் சொன்னார், அதையும் ஒத்துக்கறேன். பகுதி சபாங்கறது அந்தப் பகுதி வாக்காளர்களோட சபை. 18 வயசானாத்தான் ஓட்டு, 21 ஆனாத்தான் கவுன்சிலருக்கு நிக்கலாம். அப்போ 17 வயசுப் புள்ள அந்த இருட்டு ரோட்டுல நடக்கறதுக்கு மட்டும் வயசு பத்துமா? நடக்கறது அவ, மூடியில்லாத வடிகாலைத் தாண்டறது அவ, அதைப் பத்திப் பேசறதுக்கு மட்டும் அவளுக்கு எங்கயும் இடம் இல்ல. ஓட்டு இருந்தவங்க நிலைமையும் ஒண்ணும் பெருசா இல்லையே. 2016 அக்டோபர்லேர்ந்து 2022 பிப்ரவரி வரைக்கும் சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது, மேயரும் கிடையாது, தேர்தலே நடக்கல. 2016ல 18 வயசு ஆன பையன் மொத மொத மாநகராட்சித் தேர்தல்ல ஓட்டு போடறப்ப அவனுக்கு 23, 24 வயசு. 200 வார்டு இருக்கிற ஊர்ல ஒரு தலைமுறை இது என்ன ஆபீஸ், இங்க யாரைக் கேக்கணும்னே தெரியாம வளர்ந்திடுச்சு. 2022ல 43 சதவீத சொச்சம் பேர்தான் ஓட்டு போட்டாங்க. அப்ப "இளைஞர்களுக்கு அக்கறையே இல்ல"ன்னு டிவில உக்காந்து பேசினாங்க. இப்ப அக்கறையோட ஒருத்தி வந்து நின்னா, போய் படிங்கறீங்க.

கேக்காம முடிவெடுத்தா என்ன ஆகும்னு இந்த ஊரே பாத்துச்சு. 2024 அக்டோபர் கடைசில, மாநகராட்சியோட செயற்கைப் புல் ஃபுட்பால் கிரவுண்டு ஒன்பதை தனியார்கிட்ட குடுக்கறதுன்னு தீர்மானம் போட்டாங்க, ஒருத்தர் ஒரு மணி நேரம் ஆட 120 ரூபாய். வடசென்னைல வியாசர்பாடி பக்கம் வீட்டுக்கு ஒரு புள்ள பந்து ஆடுது. ஷூ வாங்கவே அண்ணனோட பழைய ஷூவுக்காகக் காத்துட்டு இருக்கிற பசங்க தினம் 120 ரூபாய்க்கு எங்க போவாங்க? எதிர்ப்பு கிளம்பின உடனே வாபஸ் வாங்கிட்டாங்க, வாங்கினது நல்லதுதான். ஆனா தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி அந்த கிரவுண்டுல ஆடற பத்துப் பசங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பானுங்களே. வாபஸ் வாங்கற நிலைமையே வந்திருக்காது. நான் கேக்கற குழு இந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான்.

இப்ப என் கதையைச் சொல்லிடறேன், இதைச் சொல்லாம என்னால இந்தப் பதிவை முடிக்க முடியாது. 1997. எனக்கு 19 வயசு. டைப்ரைட்டிங் லோயர் முடிச்சிட்டு ஹையர் சேந்திருந்தேன், சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழரை கிளாஸ். திரும்பி வர்ற சந்துல மூணு ட்யூப்லைட் எரியாது. நானும் கூடப் படிச்ச பொண்ணும் முழு வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதி, தெருவுல இருபது வீட்டுல கையெழுத்து வாங்கி, ஒரு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனோம். எந்த ஆபீஸ்னு வேணாம். அங்க இருந்தவர் மனுவைக் கையில கூட வாங்கல. "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா, அப்பாவை வரச் சொல்லு"ன்னார். அப்பா லோடு ஏத்தற வேலை, அவர் எந்த வேலை நாள்ல வருவார்? வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா என்னைத் திட்டல, "அப்ப இருட்டுல கிளாஸுக்குப் போவாத"ன்னு மட்டும் சொன்னார். அவ்ளோதான். லோயர் சர்டிபிகேட் இன்னும் என் பீரோல இருக்கு. ஹையர் பரீட்சை எழுதவே இல்ல. தையல் கடை வச்சு நல்லாத்தான் இருக்கேன், யாரும் பாவப்பட வேணாம். ஆனா அன்னிக்கு அந்த மனுவைக் கையில வாங்கி, "முடியாது"ன்னாவது ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா, இன்னொரு கதவைத் தட்டியிருப்பேன். எழுத்துல பதில் வேணும்னு நான் ஏன் இவ்ளோ அடம் பிடிக்கறேன்னு இப்பப் புரியுதா.

சரி, என்ன கேப்பீங்கன்னு தெரியும். ஏற்கனவே வார்டு கமிட்டி இருக்கு, பகுதி சபா இருக்கு, இன்னொரு குழு எதுக்குங்கறீங்க. இருக்கிற சபாவுலதானே அவளை வெளிய அனுப்பினீங்க. பின்லாந்துல 2015 உள்ளாட்சிச் சட்டத்துலயே போட்டிருக்கு, ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு இளைஞர் மன்றமோ அதுமாதிரி ஒரு அமைப்போ வச்சே ஆகணும்னு. அது பணக்கார நாடுன்னு சொல்லுவீங்க. பத்துப் புள்ளைங்களை உக்கார வச்சுப் பேச என்னங்க செலவு, பத்து பிளாஸ்டிக் சேர்.

கட்சி இளைஞரணிக்காரங்க புகுந்துடுவாங்கன்னு ஒரு அண்ணன் சொன்னார். அந்த பயம் எனக்கும் இருக்கு. அதனால நியமனமே வேணாம், பேர் குடுத்தவங்கள்ல குலுக்கல் போட்டு எடுங்க. மாநகராட்சி ஸ்கூல் புள்ளைங்க இருக்கணும், படிப்பை விட்டுட்டு டெலிவரி வண்டி ஓட்டற பசங்களும் இருக்கணும். எந்தச் சந்துல தண்ணி நிக்குதுன்னு அவங்களை விட யாருக்குத் தெரியும்?

அனுபவம் இல்லங்கறது எனக்கு ரொம்ப வலிக்குது. 2015 டிசம்பர் வெள்ளத்துல கழுத்தளவு தண்ணில பால் பாக்கெட் தூக்கிட்டு வந்தது யாரு? 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்ப என் மாமியாரை பிளாஸ்டிக் டிரம் கட்டின பலகைல உக்கார வச்சு மெயின் ரோடு வரைக்கும் இழுத்துட்டு வந்த நாலு பசங்கள்ல ஒருத்தனுக்கும் அப்ப 20 வயசு ஆகல. தண்ணி வந்தா "தம்பி தம்பி"ன்னு கூப்பிடறோம், தண்ணி வடிஞ்சதும் "உனக்கு என்னடா தெரியும்"ங்கறோம். 2022ல பிரியா சென்னை மேயர் ஆனப்ப அவங்களுக்கு 28 வயசு, 2020ல திருவனந்தபுரத்துல மேயர் ஆன ஆர்யா ராஜேந்திரனுக்கு 21. அந்த நாற்காலிக்கே அந்த வயசு பத்தும்னா, ஒரு சேர் போட்டு கருத்து கேக்கவா வயசு பத்தல?

படிப்பு கெட்டுடும்னு சொல்றவங்களுக்கு எனக்கு வாதம் பண்ணவே தோணல. படிச்சிட்டு வர்ற வழிலதாங்க அந்த லைட்டு எரியல.

என் பையனும் ப்ளஸ் டூதான். கூட்டத்துக்கு என்கூட வந்திருந்தான். வீட்டுக்கு வர்ற வழில ஒண்ணும் பேசல. ராத்திரி சாப்பிடறப்ப, "இனிமே நான் இதுக்கெல்லாம் வர மாட்டேம்மா"ன்னான். ஏன்டான்னு கேக்கல. எனக்குத் தெரியும். 19 வயசுல நானும் இதேதான் முடிவு பண்ணேன், மறுபடி ஒரு கூட்டத்துக்குப் போக எனக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவனும் நாப்பது வயசு தாண்டித்தான் வரணுமா? நினைச்சாலே அழுகை வருது, கோவத்துலதான்.

அந்த 14 கம்பத்து நம்பரையும் மூணு வடிகால் இடத்தையும் அவகிட்ட கேட்டு வாங்கி டைப் பண்ணிட்டேன். அடுத்த கூட்டத்துல அவதான் படிப்பா, நான் பக்கத்துல நிப்பேன். இளைஞர் குழு வேணும்ங்கற மனுவும் அதோடயே குடுக்கறோம், கையெழுத்து போட விரும்பறவங்க கடைக்கு வாங்க, ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். ஓட்டு இல்லாத புள்ளைங்களும் வந்து போடலாம், அவங்களுக்குத் தனி பேப்பர் வச்சிருக்கேன்.

அந்த வீடியோவைப் போட்டவங்க தயவு செஞ்சு எடுத்துடுங்க. அவ தினம் அதே பஸ்ல ஸ்கூலுக்குப் போறவ.