உரித்தது டாக்டர்தான்

நேற்று முழுக்கச் சுற்றிய அந்த நியூஸ் கார்டைப் பார்த்திருப்பீர்கள். இனி ரோபோவே கண் ஆபரேஷன் செய்துவிடுமாம், டாக்டரே வேண்டாமாம். தவறென்று எழுதினால், பிழைப்பு போய்விடும் பயமா என்று கேட்கிறார்கள். பயமில்லை, வருத்தம்.

2016 செப்டம்பரில், ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் விழித்திரை மேல் படர்ந்திருந்த ஜவ்வை உரித்தது பேராசிரியர் ராபர்ட் மெக்லாரன். ஜவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி அவர் ஜாய்ஸ்டிக்கை அசைக்க, நெதர்லாந்து ரோபோக் கருவியான பிரிசைஸ் அந்த அசைவைப் பல மடங்கு சிறிதாக்கி, நடுக்கத்தை வடிகட்டி, கண்ணுக்குள் இருக்கும் தன் முனைக்கு அனுப்பியது. எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் உரிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. உரித்தது டாக்டர்தான்.

டாக்டர் கையும் நடுங்குமே என்பீர்கள். நடுங்கும். தேர்ந்த கையிலும் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நடுக்கம் உண்டு, ஜவ்வோ 10 மைக்ரான். அதற்காகத்தானே இந்தக் கருவி! கருவி உள்ளே போக வெண்விழியில் போடும் துளை அரை மில்லிமீட்டர்தான். கருவி அந்தத் துளையையே அச்சாக வைத்துத் திரும்ப வேண்டும். அச்சு விலகினால் வெண்விழி இழுபட்டுக் கண்ணே சுழலும். ஜாய்ஸ்டிக்கை விட்டால் முனை அங்கேயே நிற்கும். விழித்திரைக்கு அடியில் மெதுவாக மருந்து செலுத்தும்போது இது பெரிய வரம். 2017இல் பெல்ஜியத்தின் லூவனில் வேறொரு ரோபோவை வைத்து, அடைபட்ட விழித்திரை ரத்த நாளத்துக்குள்ளேயே ஊசியை நிறுத்தி மருந்து கொடுக்க முடிந்ததும் இப்படி அசையாமல் நிற்பதால்தான்.

அதே அசையாமைதான் ஆபத்தும். நோயாளி இருமினால், குறட்டையில் தலை அசைந்தால், கண் நகரும், ஊசி நகராது. அந்த நொடியில் கருவியை வெளியே எடுக்க வேண்டும். யார் எடுப்பது?

நேரம் கூடுதலாகும் என்கிறார்கள். ஆமாம், ஆகும். ஆக்ஸ்ஃபோர்டில் 12 பேரை ஆறாறாகப் பிரித்துச் செய்த ஆய்விலும் ரோபோ பக்கம் மெதுவாகத்தான் முடிந்தது. விழித்திரை கிழிவதைவிட அது மேல்.

என்னால் தாங்க முடியாதது வேறு. ஃபெம்டோ லேசருக்கு ‘ரோபோ கண்புரை ஆபரேஷன்’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்கிறார்கள். அந்த லேசர் கருவிழியில் வெட்டுப் போடும், லென்ஸ் உறையை வட்டமாகத் திறக்கும், புரையைத் துண்டாக்கும். துண்டுகளை உறிஞ்சி எடுத்து லென்ஸ் வைப்பது கைதான். வீட்டுப் பெரியவர்களிடம் ரோபோ என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், லென்ஸை யார் வைப்பார் என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.