போரா மட்டுமல்ல, பரேராவும் உண்டு

ஐந்து வெவ்வேறு நாடுகளைக் கால்பந்து உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற ஒரே பயிற்சியாளர் போரா மிலுட்டினோவிச் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரே ஆள் இல்லைங்க. பிரேசிலின் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரேராவும் குவைத், அமீரகம், பிரேசில், சவூதி, தென்னாப்பிரிக்கா என ஐந்தைத் தொட்டவர். 1994-இல் கோப்பையையே வென்றார். 1998-இல் இரண்டு ஆட்டம் தோற்றதும் போட்டி முடிவதற்குள் சவூதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது!

ஆனாலும் எனக்குப் போராவைத்தான் பிடிக்கும். மெக்சிகோ, கோஸ்டாரிகா, அமெரிக்கா, நைஜீரியா நான்கையும் முதல் சுற்றைத் தாண்ட வைத்தார். அதிலும் 1990-இல் முதன்முறை உலகக் கோப்பைக்கு வந்த கோஸ்டாரிகா ஸ்காட்லாந்தையும் சுவீடனையும் வீழ்த்தியதை யார் எதிர்பார்த்தார்கள்? 1998-இல் நைஜீரியா ஸ்பெயினை 3-2 என்று சாய்த்ததும் அப்படித்தான்.

2002-இல் போராவின் ஐந்தாவது அணியான சீனா மூன்று ஆட்டத்திலும் தோற்றது, ஒரு கோல்கூட இல்லை. அதை வைத்து அவரைக் குறை சொல்வது சரியில்லை. ஆண்கள் உலகக் கோப்பைக்குச் சீனா போனதே அந்த ஒரு தடவைதான். முதல் ஆட்டத்தில் அவர்களைத் தோற்கடித்தது யார் தெரியுமா? அதே கோஸ்டாரிகா!